மாற்றுத்திறனாளிப் பெண்ணின் புகார் எந்தப் படியில் நின்றது? நெல்லைச் சீமையில் ஆய்வு செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

நீதிமன்றத்துக்கு வந்த வழக்குகளை மட்டும் எண்ணி, மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு நீதி எவ்வளவு எட்டுகிறது என்று ஆராய முற்பட்டால், அந்த வாசல்வரை வர முடியாமல் போன பெண்கள் அனைவரும் ஆய்வு தொடங்கும்போதே அதற்கு வெளியே நின்றுவிடுவார்கள். ஒரு புகார் வீட்டின் அடுப்படியிலேயே அமுங்கிப் போகலாம். ஊர்க்கூட்டத்தில் சமரசமாக முடியலாம். காவல் நிலையத்தில் மனு ரசீதோடு நிற்கலாம். வழக்காகி, சாட்சி சொல்லும் நாளில் சைகை மொழி அறிந்தவர் கிடைக்காமல் தள்ளிக்கொண்டே போகலாம். எனவே கையில் எடுக்கும் ஒவ்வொரு நிகழ்விலும் புகார் எந்தப் படியில் நின்றது, யார் நிறுத்தினார்கள், அதற்கு என்ன காகிதம் இருக்கிறது என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியிலும் படிக்கும் மாணவர்களையும், கிராமங்களில் களப்பணி செய்யும் தொண்டு நிறுவன ஊழியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கேள்வியின் எல்லை

நீதி என்றதும் பாலியல் வன்முறை வழக்குகளையே எல்லோரும் நினைக்கிறார்கள். அவை முக்கியமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வை அதோடு நிறுத்திக்கொண்டால் நெல்லைச் சீமையில் அன்றாடம் நடக்கும் பெரும் அநீதி ஒன்று கண்ணில் படாமல் போகும். பார்வையற்ற மகளையோ நடக்க முடியாத தங்கையையோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்று, 'உன்னைக் கடைசிவரை நாங்கள்தானே பார்க்கப் போகிறோம்' என்று சொல்லி, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தில் கைரேகை வாங்கிவிடுகிறார்கள். இந்துக் குடும்பத்தில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. நோயோ உடற்குறையோ காரணமாக எவருக்கும் வாரிசுரிமை அற்றுப்போகாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு 1956 முதல் சொல்லி வருகிறது. இவ்வளவும் இருக்க, ஒரு பத்திரத்தால் அந்த உரிமை எழுத்தளவில் முறைப்படியே கைமாறிவிடுகிறது. ஆகவே சொத்து, ஜீவனாம்சம், குடும்ப வன்முறை, உதவித்தொகையை உறவினர் எடுத்துக்கொள்வது ஆகியவற்றையும் உங்கள் கேள்விப் பட்டியலில் சேருங்கள். மணமாகாத மகள் வயது வந்த பிறகும், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத்தானே பராமரிக்க இயலாதவராக இருந்தால், தந்தையிடம் ஜீவனாம்சம் கோரலாம் என்ற விதி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவிலும் இருந்தது, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவிலும் இருக்கிறது. இதைப் பயன்படுத்தியவர் உங்கள் வட்டாரத்தில் யாரேனும் உண்டா என்பதே தனியாக ஆராயத் தகுந்த கேள்வி.

அடுத்தது, யாரை மாற்றுத்திறனாளி என்று கணக்கில் கொள்வது என்பது. அடையாள அட்டை வைத்திருப்பவர்களின் பட்டியலிலிருந்து மட்டும் ஆட்களைத் தேர்ந்தால், ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் சான்று பெறும் அளவுக்கு வீட்டார் அழைத்து வந்த பெண்களே கிடைப்பார்கள். நீதி எட்டாத பெண்ணுக்கு அட்டையும் எட்டாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே மாற்றுத்திறன் புள்ளிவிவரத்துக்கான பன்னாட்டுக் குழுவான வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைத்துக்கொள்வது, தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, பிறர் புரியும்படி பேசுவது ஆகிய ஆறிலும் எவ்வளவு சிரமம் இருக்கிறது என்று மட்டுமே அவை கேட்கும். ஊனம் என்ற சொல் அவற்றில் வராது. கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மகளின் காது கேளாமையை மறைக்கும் வீட்டில்கூட இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்.

பழைய எண்ணிக்கைகளை எடுத்தாளும்போது எல்லையைக் கவனியுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகக் கூறியது. அதில் திருநெல்வேலி மாவட்டம் என்று வருவது இன்றைய தென்காசியையும் உள்ளடக்கியது. தென்காசி 22 நவம்பர் 2019 அன்றுதான் தனி மாவட்டம் ஆயிற்று. இதைக் கவனியாமல் 2018ஆம் ஆண்டையும் 2022ஆம் ஆண்டையும் அருகருகே வைத்து, வழக்குகள் குறைந்துவிட்டன என்று எழுதுவது பெரும் பிழையாகும்.

சட்டத்தைக் கேள்வியாக மாற்றுங்கள்

ஆய்வேட்டின் முதல் இயலில் சட்டங்களை வரிசையாக எழுதிவிட்டு, பிறகு அவற்றை மறந்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சட்டம் சொல்லும் ஒவ்வொரு கடமையையும், நடந்ததா இல்லையா என்று சரிபார்க்கும் கேள்வியாக மாற்றிக்கொண்டால் அதுவே களத்தில் உங்கள் கருவியாகிவிடும்.

பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் மாற்றுத்திறனாளி என்றால், அவருடைய வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில் காவல் அதிகாரி புகாரைப் பதிவு செய்ய வேண்டும். அதை வீடியோ எடுக்க வேண்டும். 2013 திருத்தத்தில் வந்த இந்த விதி, 1 ஜூலை 2024 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவில் தொடர்கிறது. இதிலிருந்து எழும் கேள்விகள் எளியவை. புகார் எங்கே பதிவானது? உடன் இருந்தவர் யார்? அவருக்கு என்ன பயிற்சி? வீடியோ எங்கே இருக்கிறது? அதே சட்டத்தின் 183ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன் பாதிக்கப்பட்டவர் கொடுத்த வாக்குமூலத்தையே விசாரணையில் முதல் விசாரணைச் சாட்சியமாகக் கொள்ளலாம். குறுக்கு விசாரணை மட்டும் நடந்தால் போதும். அப்படி இருந்தும் அவரை மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தார்களா என்று பாருங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 12ஆம் பிரிவு நீதியை அணுகும் உரிமையைப் பேசுகிறது. 92ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிப் பெண்ணை மானபங்கம் செய்யும் நோக்கில் தாக்குவதற்கும், அவர்மீது தனக்குள்ள ஆதிக்கத்தைப் பயன்படுத்திப் பாலியல் சுரண்டல் செய்வதற்கும் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பிரிவைச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். என் கருத்தில் இவை எல்லாவற்றையும்விட ஆய்வாளர்கள் கவனிக்காமல் விடுவது 7ஆம் பிரிவு. வன்முறையோ சுரண்டலோ நடந்தால், நடக்கும் என்று தெரிந்தால்கூட, யார் வேண்டுமானாலும் கோட்டாட்சியர், வட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவருக்குத் தகவல் தரலாம் என்கிறது அது. இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் அருகிலுள்ள தொண்டு அமைப்பு எது என்பதையும் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கும் கடமையைக் காவல் துறைக்கும் விதிக்கிறது. திருநெல்வேலி, சேரன்மகாதேவி, தென்காசி, சங்கரன்கோவில் ஆகிய நான்கு வருவாய்க் கோட்டங்களிலும் இந்தப் பிரிவில் எத்தனை தகவல்கள் வந்தன என்று கேட்டாலே ஓர் இயல் எழுதலாம்.

நீதிமன்றத் தீர்ப்புகளில் 27 ஏப்ரல் 2021 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய பட்டான் ஜமால் வலி வழக்கின் தீர்ப்பைத் தவறாமல் முழுமையாகப் படியுங்கள். பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் குற்றவாளியைக் குரலை வைத்து அடையாளம் காட்டினார். பார்வை இல்லை என்பதால் அந்தச் சாட்சியம் எவ்விதத்திலும் குறைந்ததாகாது என்று நீதிமன்றம் கூறியது. பாலினம், சாதி, உடல்நிலை ஆகிய மூன்றும் ஒரே பெண்ணிடம் சேரும்போது என்ன நேர்கிறது என்பதையும் அத்தீர்ப்பு விளக்குகிறது. பெண்களுக்கு எதிரான வன்முறைப் புள்ளிவிவரங்களில் மாற்றுத்திறன் ஒரு கூறாக இடம்பெற வேண்டும் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு அது அறிவுறுத்தியது. மாவட்ட அளவில் அப்படித் தனியாகக் கணக்கெடுக்கிறார்களா என்பதை நீங்கள்தான் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காகிதத் தடம்

நம் காவல் நிலையங்களில் புகார் கொடுத்தவுடன் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் மனு ரசீதுதான். எஃப்.ஐ.ஆர். என்னும் முதல் தகவல் அறிக்கை அதற்கு அடுத்த படி. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று புதிய சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஆகவே மனு ரசீதின் தேதியையும் எஃப்.ஐ.ஆரின் தேதியையும் அருகருகே எழுதி, இடையே போன நாட்களைக் கணக்கிடுங்கள். ரசீது மட்டும் இருந்து எஃப்.ஐ.ஆர். இல்லாத இடத்தில், 'இருதரப்பும் சமாதானமாகப் போவதாக' எழுதி வாங்கிய தாள் ஒன்று இருக்கும். அதில் அந்தப் பெண்ணே கையெழுத்திட்டாரா, அவருக்காக அண்ணன் கையெழுத்திட்டாரா என்று பாருங்கள்.

தகவல் உரிமைச் சட்டம், 2005இன்படி மனு எழுதும்போது இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பாளையங்கோட்டை, மேலப்பாளையம் போன்ற மாநகர நிலையங்கள் காவல் ஆணையரின் கீழும், அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் போன்றவை மாவட்டக் கண்காணிப்பாளரின் கீழும் வருகின்றன. ஆகவே இரண்டு அலுவலகங்களுக்கும் தனித்தனியாக, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்புங்கள். ஒரு நிலையம், ஓர் ஆண்டு, ஒரு சட்டப் பிரிவு என்று குறுக்கிக் கேட்டால்தான் பதில் வரும். 'கடந்த இருபது ஆண்டு விவரம்' என்று கேட்டால் மறுப்பதற்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். முப்பது நாட்களில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். 'அவ்வாறான விவரம் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். எண்ணப்படவே இல்லை என்பதற்கு அரசே எழுத்தில் கொடுத்த சான்று அது; பிற்சேர்க்கையில் தேதியோடு சேருங்கள்.

திங்கள்கிழமைதோறும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் வேறெங்கும் கிடைக்காத ஒரு களம். அங்கே வரும் பெண்களில் பலருக்கு மனுவை எழுதிக் கொடுப்பவர் வேறொருவர். 'எங்க அண்ணன் சோறு போட மாட்டேங்கான், வெளிய போன்னு சொல்லுதான்' என்று அவர் வாயால் சொல்வது, தாளில் 'மேற்படி சொத்தில் எனக்குரிய பாகத்தைப் பெற்றுத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று ஆகிவிடும். சில நேரம் 'உதவித்தொகை வழங்குமாறு' என்று முடிந்துவிடும். உதவித்தொகை கேட்பதாக முடிந்த மனு நேராக நலத்துறைக்குப் போகும். வீட்டில் நடந்த வன்முறையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே அவர் அனுமதித்தால் அவர் பேச்சைத் தனியாகவும் மனுவின் வாசகத்தைத் தனியாகவும் பதிந்துகொண்டு, எந்த இடத்தில் புகார் கோரிக்கையாக மாறியது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாலியல் வழக்குகளின் விசாரணை மூடிய அறையில் நடப்பதால் மகிளா நீதிமன்றத்துக்குள் உட்கார்ந்து பார்க்க முடியாது. நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸில் வெளியாகும் தீர்ப்புகளைப் படிக்கலாம். சாட்சிகளின் பட்டியலில் மொழிபெயர்ப்பாளர் எத்தனையாவது சாட்சி, அவருக்கு உறுதிமொழி அளித்தார்களா, 'புத்தி சுவாதீனம் இல்லாதவர்' என்று எதிர்த்தரப்பு வாதிட்டபோது நீதிபதி எப்படிப் பதிலளித்தார் என்று வரிவரியாகப் பாருங்கள்.

அவரிடமே கேட்பது

'அவளுக்கு ஒண்ணும் தெரியாது தாயி, எங்கிட்ட கேளு, நான் சொல்லுதேன்' என்று தாய் முன்வந்து அமர்வது நம் ஊர்களில் இயல்பு. அதில் அன்பும் இருக்கும், அச்சமும் இருக்கும். சில வீடுகளில் குற்றம் செய்தவரைக் காக்கும் எண்ணமும் இருக்கும். தாயின் பேச்சை மரியாதையோடு கேட்டு முடித்துவிட்டு, மகளிடம் தனியாகப் பேசுவதற்கு வேறொரு நாள் கேளுங்கள். கேட்பவர் பெண்ணாக இருப்பது அவசியம். அவரும் மாற்றுத்திறனாளியாக இருந்தால் பேச்சு இன்னும் எளிதில் வரும். அப்படிப்பட்டவரைக் கூட்டு ஆய்வாளராகச் சேர்த்து முறையான ஊதியம் கொடுங்கள்.

காது கேளாத பெண்களிடம் பேசும்போது சைகை மொழி ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே காது கேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் இருந்து வருகின்றன. அங்கே படித்தவர்கள் சைகை மொழி அறிந்தவரோடு தாராளமாக உரையாடுவார்கள். பள்ளிக்கே போகாத பெண்ணிடம் இருப்பது வீட்டுச் சைகை. அதை அறிந்தவர் அக்காவோ பக்கத்து வீட்டுத் தோழியோ ஆக இருப்பார். அந்தப் பெண் மேலுதட்டைத் தடவித் தோளில் துண்டு போடுவதுபோல் காட்டுவார். உடனிருப்பவர் 'மாமாவைச் சொல்லுதா' என்பார். உங்கள் குறிப்பில் 'மாமா' என்று மட்டும் எழுதினால், அந்தப் பெண் சொன்னது போய் உடனிருந்தவர் சொன்னதே எஞ்சும். சைகையை ஒரு பத்தியிலும் விளக்கத்தை இன்னொரு பத்தியிலும் எழுதி, முடிந்தால் வேறொரு நாள் வேறொருவரை வைத்து அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். காவல் நிலையத்திலும் இதே இடத்தில்தான் சாட்சியம் தடம் மாறுகிறது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர் பக்கம் பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். கேட்கும் திறன் உள்ளவர் கை வேலையை நிறுத்தாமலே பதில் சொல்வார்; காது கேளாதவர் பேச வேண்டுமானால் பீடித் தட்டைக் கீழே வைத்தாக வேண்டும், ஏனென்றால் பேசுவதும் அதே கைகள்தான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலியில் அந்த நேரம் அவருக்கு நட்டம். பீடிக்கடையில் சரக்கை ஒப்படைத்துவிட்டு வந்த பிறகு சந்தியுங்கள். அப்படியும் இழந்த நேரத்துக்கு ஈடு கொடுங்கள்.

ஒப்புதல் வாங்கும் முறையில் மிகுந்த கவனம் தேவை. கைரேகை வைத்ததால் நிலத்தை இழந்த பெண்ணிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டி மறுபடி கைரேகை கேட்பது அவருக்கு என்ன பொருள் தரும் என்று எண்ணிப் பாருங்கள். வாய்மொழியாகவோ சைகையாகவோ அவர் தரும் ஒப்புதலைப் பதிவு செய்துகொள்வது மேல். உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் இதை முன்கூட்டியே விளக்கி அனுமதி பெறுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லாமல், சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லி, புரிந்ததை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லக் கேளுங்கள். அடுத்த சந்திப்பில் மீண்டும் ஒருமுறை கேளுங்கள். காப்பாளர் சம்மதித்தாலும் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவே மறுப்பு.

பேச்சு தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 18 வயது நிறையாதவர்மீது நடந்த பாலியல் குற்றம் உங்களுக்குத் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தகவல் தந்தே ஆக வேண்டும். ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. வயது என்பது பிறந்த தேதியைக் கொண்டது. மனவயதைக் கணக்கில் கொண்டு வயது வந்த பெண்ணைக் குழந்தையாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் ஈரா வழக்கில் கூறியிருக்கிறது. வயது வந்தவர் விஷயத்தில் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. அவர் கொடுக்க விரும்பினால் யாரிடம் அழைத்துப் போவது என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் 15100 என்ற சட்ட உதவி எண்ணும் அவரிடம் இருக்கட்டும். பெண் என்பதாலும் மாற்றுத்திறனாளி என்பதாலும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு அவருக்குக் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும் என்பதைச் சொல்லுங்கள்; இது தெரியாத வீடுகளே மிகுதி.

அமைப்புகளின் வழியாக ஆட்களைச் சந்திப்பது எளிது. ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் போன்றவை கிராமங்களை நன்கு அறிந்தவை. ஆனால் அவர்கள் வழியாக வரும் பெண்கள் ஏற்கெனவே ஓர் உதவிக் கரத்தைப் பற்றியவர்கள். பாதி நேர்காணல்களையாவது அங்கன்வாடி ஊழியர், நூறு நாள் வேலைத் தளம், கோயில் கொடை நடக்கும் தெரு என்று வேறு வழிகளில் தேடிச் செய்யுங்கள்.

பெயரை மாற்றினால் போதாது

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. நம் ஊர்களில் பெயரை மாற்றுவது மட்டும் எதையும் மறைக்காது. ஓர் ஊரில் பார்வையற்ற பெண் ஒருவரே இருப்பார். ஊரின் பெயர், சாதி, குறைபாட்டின் வகை ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலே யார் என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். ஆகவே ஊரை வட்டத்தின் அளவுக்கு விரித்து எழுதுங்கள். தேவை இல்லாத இடத்தில் குறைபாட்டின் வகையைச் சொல்லாதீர்கள். ஒரே பெண்ணின் கதையை இரண்டு இயல்களில் வேறு வேறு புனைபெயரில் பிரித்து வையுங்கள். ஒலிப்பதிவுகளைக் கைப்பேசியில் வைத்திருக்காமல் கடவுச்சொல் உள்ள இடத்துக்கு அன்றே மாற்றிவிடுங்கள். சைகை வீடியோவில் முகம் தெரிவதால் அதை இன்னும் கவனமாகக் காக்க வேண்டும்.

எழுதி முடித்த பின், அச்சுக்குப் போகும் முன், ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றிய பகுதியை எடுத்துச் செல்லுங்கள். பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டுங்கள், காது கேளாதவருக்குச் சைகையில் சொல்லுங்கள், அவர் வேண்டாம் என்று சொல்லும் வரியை அங்கேயே அடித்துவிடுங்கள். முடிவுகளின் சுருக்கத்தைத் தமிழில் நான்கு பக்கங்களுக்குள் எழுதி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், ஆணையர் அலுவலகம், கண்காணிப்பாளர் அலுவலகம் ஆகியவற்றில் நேரில் கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து, அதன்மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்கும் தகவல் உரிமை மனுவுக்கு அந்த ஒப்புகையின் எண் தேவைப்படும்.